மூன்றாம் தடவை கேட்காத பேராசிரியர்

பொருளாதாரப் பேராசிரியர் ஆகிஸ் வெர்னார்தோஸ், சுரங்கத் தொழிலாளி ப்ளோரியோஸுக்கு நூற்று எண்பத்தாறு திராக்மாவும் ஐம்பது லெப்தாவும் பாக்கி வைத்திருந்த முப்பத்தெட்டு வருஷமும், ப்ளோரியோஸ் வீட்டு முற்றத்துச் சுவருக்குள் எந்தப் பொருளின் விலையும் ஏறவில்லை. இரண்டு கோவேறு கழுதைக்கு மூன்று நாள் வாடகை நூற்று முப்பத்தைந்து. பன்னிரண்டு வேளைச் சாப்பாடு முப்பத்தாறு. சுரங்க வாயில் தடுக்கி விழுந்து உடைத்த விளக்குக் கண்ணாடி பதினைந்தரை. நூறு லெப்தா ஒரு திராக்மா, கூட்டினால் சரியாக அவ்வளவுதான் வரும். மெரோவூனி என்னும் அந்தத் தீவு மலையில் இந்தக் கணக்கைத் தெரியாதவர் யாரும் இல்லை. தெரியாததுபோல் நடந்துகொண்டவர் ஒருவர் மட்டும் இருந்தார்.

அறுபத்து நான்காம் வருஷம் ஆகிஸ் வந்தபோது பேராசிரியர் ஆகியிருக்கவில்லை. இருபத்து நான்கு வயது, ஏதென்ஸ் பல்கலைக்கழகம், கண்ணாடி, ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம். அந்த மலையில் எடுக்கும் சாணைக்கல்லை அந்த ஊர்க்காரர்கள்தான் வெட்டலாம், அரசாங்கம்தான் வாங்கலாம், விலையும் அரசாங்கம் சொல்வதுதான். ஒருவன் விற்க, ஒருவன் மட்டும் வாங்கும் அந்த விலை எப்படி உண்டாகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். ப்ளோரியோஸ் அப்போது முப்பது வயதுக்காரன். பெட்டியைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் அவரைச் சுரங்கம் சுரங்கமாக அழைத்துப் போனான். அவன் மனைவி மருசோ பீன்ஸும் சீஸும் ஆலிவும் வைத்துச் சோறு போட்டாள். போகிற நாளன்று முற்றத்தில் நின்று அவர் பணப்பையைத் திறந்தார்.

மெரோவூனியில் காசு கொடுக்க ஒரு முறை உண்டு. கொடுப்பவர் நீட்ட வேண்டும், வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி நீட்ட வேண்டும், மறுபடி வேண்டாம் என்று கொஞ்சம் முகத்தைச் சுளிக்க வேண்டும். மூன்றாம் தடவை நீட்டும்போது வாங்குகிறவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார். கொத்தனாருக்கும் இப்படித்தான், பாதிரியாருக்கும் இப்படித்தான், வட்டிக்குக் கொடுத்தவனுக்கும் இப்படித்தான். சோற்றை மென்றபின் விழுங்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அதுபோல இதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"எவ்வளவு ஆச்சுண்ணே, நூத்தி எம்பத்தாறரை தானே?" என்றார் ஆகிஸ்.

"அட விடுங்க தம்பி. அதெல்லாம் எதுக்கு."

"இல்லண்ணே, வாங்கிக்கங்க. மூணு நாள் வேலை கெட்டிருக்கு உங்களுக்கு."

"விடுங்கன்னு சொல்றேன்ல. எனக்குக் கோவம் வந்துரும்."

கீழே பாதையில் பஸ் ஹாரன் அடித்தது. ஆகிஸ் பணத்தைப் பையில் வைத்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னவோ எழுதினார். ப்ளோரியோஸைக் கட்டிப்பிடித்து, உங்களைப் போல மனுஷனைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வாங்குவதற்காகப் பாதி தூக்கிய கையோடு ப்ளோரியோஸ் முற்றத்திலேயே நின்றான். "எழுதிக்கிட்டுப் போறானே, என்னத்த எழுதுறான்?" என்று மருசோ கேட்டாள். அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

எழுதியது ஏழு வருஷம் கழித்துப் புத்தகமாக வந்தது. 'மறுக்கும் உழைப்பு' என்று பெயர். மலைநாட்டுத் தொழிலாளி கூலியைவிட மானத்தைப் பெரிதாக நினைக்கிறான், கொடுத்தாலும் வாங்க மாட்டான், ஆகவே கூலியை ஏற்றுவது அவனை அவமதிப்பதற்குச் சமம் என்று அதில் இருந்தது. ஏதென்ஸில் பெரியவர்கள் அதைப் படித்துக் கண் கலங்கினார்கள். ஆகிஸ் பேராசிரியர் ஆனார், அமைச்சகத்துக்கு ஆலோசகர் ஆனார், சாணைக்கல்லின் விலை ஒன்பது வருஷம் ஒரு லெப்தா ஏறவில்லை. ப்ளோரியோஸ் தன் நாற்பத்தாறாம் வயதில்தான் எழுத்துக் கற்றான், இரவுப் பள்ளியில், தன்னைப் பற்றி எழுதியதைப் படிப்பதற்காகவே. நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் 'ப.' என்று ஒரு தொழிலாளி வந்தான். அதை எழுத்துக் கூட்டி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. முடித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு, "நான் வேண்டாம்னு சொல்லலையே" என்றான். காப்பிக்கடைக்காரன் சிதெரிஸ் காதில் அது விழுந்தது.

"சொன்னியேடா, ரெண்டு தடவை சொன்னியாம். ஊருக்கே தெரியும்."

"ரெண்டு தடவைதானே சொன்னேன்."

"அந்த ரெண்டு தடவைக்குத்தான் ஊரே ஒம்பது வருஷமா பழைய கூலிக்குக் கல்லு ஒடைக்குது. மூணு தடவை சொல்லியிருந்தா சுரங்கத்துக்கு நாமதான் வாடகை குடுத்திருக்கணும் போல."

முற்றத்துக்குள் விலை நின்றுபோனது முதல் எட்டு ஒன்பது வருஷம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வெளியிலும் விலை பெரிதாக ஏறவில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் எண்ணெயும் ரொட்டியும் ஒரே குதியாகக் குதித்தபோதுதான் தெரிந்தது. மீன்காரன் ஸகாரியாஸ் கூடையோடு முற்றத்துக்குள் வந்து, நெத்திலி கிலோ முப்பது என்று சொல்ல வாயைத் திறந்தான். பதினொன்று என்று வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். பதினொன்றுதான். சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முப்பது, முப்பது, முப்பது என்று சொல்லிப் பார்த்தான். நன்றாக வந்தது. அதன்பிறகு அவன் உள்ளே வரவில்லை. பால்காரனும் வரவில்லை. ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்த பாதிரியார் தன் காணிக்கையும் பழையதாக வாயில் வந்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து சுவருக்கு வெளியே நின்றே தண்ணீர் தெளித்தார். அந்த முற்றத்தில் எல்லாம் மலிவாக இருந்தது, எதுவும் கிடைக்கவில்லை.

ஊர் ப்ளோரியோஸைச் சந்தேகப்பட்டது. என்னமோ புதைத்து வைத்திருக்கிறான் என்றார்கள். வரி ஆபீசர் வந்து நோண்டினார். மின்சாரக்காரர்கள் பில்லைப் பார்த்துவிட்டு மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய் ஆறு மாதம் வைத்துக்கொண்டார்கள். காரணம் என்னவென்றால், அந்த வீட்டு விலாசம் எழுதிய எந்தக் காகிதத்திலும் தொகை அறுபத்து நான்காம் வருஷத்துத் தொகையாகத்தான் இருந்தது. எந்த ஊரில், எந்த மெஷினில் அச்சடித்தாலும் அப்படித்தான். ப்ளோரியோஸ் யாரையும் சந்தேகப்படவில்லை, ஒருவரைத் தவிர.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மருசோ. ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே, "அந்த ஆளு இன்னும் மூணாவது தடவை கேக்கல பாரு" என்றாள். "கேக்காம எப்படி முடியும்? நீ இன்னும் கைய நீட்டிக்கிட்டேதான நிக்கிற. அந்த நாள் அப்படியே நிக்குது." ப்ளோரியோஸ் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. "ஒரு கடுதாசி போடேன். இப்பத்தான் எழுத வருதே." அவன் பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், திரும்ப மூடினான். வாங்குகிறவன் வாய்விட்டுக் கேட்டால் அது பிச்சை. மெரோவூனியில் அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

எண்பத்து ஆறாம் வருஷம் ஆகிஸ் வெர்னார்தோஸ் பொருளாதார மந்திரியாக இருந்தார். நாட்டில் விலைவாசி நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது, தேர்தல் வரப்போகிறது. அவருக்கு முற்றத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். டெலிவிஷன்காரர்கள், போலீஸ், ஒரு வேன் நிறையக் கேமரா எல்லாமாக வந்து இறங்கினார். சுவருக்கு வெளியே சிதெரிஸை நிறுத்தி எண்ணெய் விலையைக் கேட்டார்கள், இருநூற்று அறுபது என்றான். உள்ளே தள்ளிக் கேட்டார்கள், இருபத்திரண்டு என்றான். மந்திரி கேமராவைப் பார்த்துத் திரும்பினார். எங்கே மக்கள் நம்பிக்கையோடு இருக்கிறார்களோ அங்கே விலை ஏறுவதில்லை, கோளாறு பொருளாதாரத்தில் இல்லை, மனசில் இருக்கிறது என்று சொன்னார். பிறகு ப்ளோரியோஸின் தோளில் கைபோட்டுக்கொண்டார். ப்ளோரியோஸ் காத்திருந்தான். மந்திரியின் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. மருசோ துணி துவைப்பதை நிறுத்தினாள். கை வெளியே வந்தபோது அதில் கைக்குட்டை இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் வேனில் ஏறினார்.

"பையைத் தொட்டான்ல?" என்றாள் மருசோ.

"தொட்டான்."

"அப்ப அவனுக்குத் தெரியும்."

"தெரியாமலும் இருக்கலாம். வேர்த்துச்சு, தொடச்சான்."

"மார்கழி மாசத்துல வேர்க்குதா அவனுக்கு?"

கட்சி ஜெயித்தது. நாலு பஸ் நிறைய ஜனங்கள் பெரிய நகரங்களிலிருந்து கூடையோடு வந்து முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு, விற்க ஆள் இல்லாததால் ஆளுக்கு ஒரு வாய் கிணற்றுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்று இரண்டில் ப்ளோரியோஸுக்குப் பென்ஷன் வயது வந்தது. சாணைக்கல்காரனுக்கு அது லேசில் வருவதில்லை. வருஷத்துக்கு இத்தனை குவிண்டால் கல்லை எடை மேடையில் கொட்டினால்தான் சிட்டையில் ஸ்டாம்பு ஒட்டுவார்கள், ஒரு வருஷம் குறைந்தால் அந்த வருஷம் போனது போனதுதான். அவன் சிட்டையில் ஒரு ஸ்டாம்புகூடக் குறையவில்லை. உத்தரவு தபாலில் வந்தது. விலாசம் சரியாக இருந்தது. மாதம் நானூற்றுப் பன்னிரண்டு திராக்மா என்று இருந்தது. அன்றைக்குச் சிதெரிஸ் கடையில் ஒரு காப்பி நூற்று ஐம்பது. கூடச் சுரங்கத்தில் இறங்கியவனுக்கெல்லாம் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று வந்தது. ப்ளோரியோஸ் மச்சினன் வீட்டு விலாசம் கொடுத்துப் பார்த்தான். பென்ஷன் ஆபீசில் மோசடி என்று சந்தேகப்பட்டு மச்சினனுடையதையும் மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். மச்சினன் அவனோடு பேசுவதை விட்டான். வீட்டை விற்றுவிடலாம் என்றால் சுவருக்குள் நின்று பேசினால் பழைய விலை, வெளியே நின்று பேசினாலும் பத்திரத்தில் பழைய விலை. ஐம்பத்தெட்டு வயதில், கல்தூசி நிரம்பிய நெஞ்சோடு, அவன் மறுபடி விளக்கை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினான். எடை மேடையில் கூலியைக் கையில் கொடுப்பார்கள், அதற்கு விலாசம் வேண்டாம். ஒரு குவிண்டால் கல்லுக்கு முன்பு ஒரு தடவை உட்கார்ந்தவன் இப்போது நாலு தடவை உட்கார்ந்தான். இருமல் வந்தால் பாறையைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கிய பின் மறுபடி உளியை எடுத்தான்.

மருசோவின் நச்சரிப்பு தாங்காமல் தொண்ணூற்று மூன்றில் கப்பலேறி ஏதென்ஸ் போனான். கையில் ஒரு வட்டச் சீஸ். ஆகிஸ் அப்போது மந்திரியாக இல்லை, மறுபடி ஆகப்போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளி அறையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ ஒரு வேலை வேண்டியிருந்தது. ஐந்து மணி நேரம் கழித்து இவனை உள்ளே விட்டார்கள்.

"வாங்கண்ணே. என்ன வேணும், சொல்லுங்க" என்றார் ஆகிஸ்.

"ஒண்ணும் வேணாங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"ஊர்ல ஏதாவது பிரச்சனையா? பசங்களுக்கு வேலை?"

"பசங்க இல்லீங்க."

ஆகிஸ் அவனை உற்றுப் பார்த்தார். இருபது வருஷ அரசியலில் எதுவும் கேட்காத ஆள் அந்த அறைக்குள் வந்ததில்லை. அவர் முகத்தில் பயம்போல ஏதோ ஒன்று வந்தது. "சீஸ் கொண்டு வந்திருக்கீங்க. எவ்வளவு தரணும் இதுக்கு?" என்றார். ப்ளோரியோஸ் வேண்டாம் என்றான். ஆகிஸ் மறுபடி கேட்டார். ப்ளோரியோஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆகிஸ் மேஜை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தி, மறுபடி கலைத்து, மறுபடி ஒழுங்குபடுத்தினார். பிறகு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கப்பலில் திரும்பும்போது ப்ளோரியோஸ் ரயிலிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப மனதில் சொல்லிக்கொண்டு வந்தான். தெரியும். தெரியும். அவனுக்குத் தெரியும்.

அதன்பிறகு ஆகிஸ் இரண்டு தடவை மந்திரியானார், ஒரு தடவை கட்சியை உடைத்தார், ஒரு தடவை ஒட்டினார், இரண்டாயிரத்தில் தோற்றார். திராக்மாவை எடுத்துவிட்டு யூரோ கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரில் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் என்ன ஆகும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. "ஒனக்கு பென்ஷன் ஒரு யூரோ இருவது சென்டுடா மாப்ளே, யோகக்காரன், ரெண்டே காசுல வாங்கிட்டு வந்துரலாம்" என்றான் சிதெரிஸ்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டு, திராக்மா செல்லும் கடைசி நாள். மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஆகிஸ் வெர்னார்தோஸ் இறங்கினார், தனியாக, கேமரா இல்லாமல், போலீஸ் இல்லாமல். அறுபத்திரண்டு வயது, கையில் தடி. ஏறி வரும் வழியில் மூன்று இடத்தில் நின்றார். ஊர் பின்னாலேயே வந்து சுவருக்கு வெளியே நின்றது. நாளைக் காலையில் செல்லாத காசைக் கொண்டுவந்து இன்றைக்குக் கடனை அடைக்கப் போகிறான் என்று சிதெரிஸ் உரக்கச் சொன்னான், அவருக்குக் கேட்கும்படி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. முற்றத்தில் நின்று ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். 186.50 என்று எழுதி, பக்கத்தில் 'மறுத்தார், 2' என்று இருந்தது. ப்ளோரியோஸ் அந்த இரண்டை வெகுநேரம் பார்த்தான். இப்போது அவனுக்கு வேகமாகவே படிக்க வரும்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"எழுபத்தொம்பதுல. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் ஏதென்ஸ்ல எனக்கு வண்டி ஓட்டினார். முதல் மாசச் சம்பளத்தை வேண்டாம்னார். எனக்குச் சந்தோஷம், புத்தகத்துல எழுதினது சரின்னு. ரெண்டாவது தடவையும் வேண்டாம்னார். நான் வெச்சுக்கிட்டேன். மறுநாள் அவர் மனைவி வந்து வாசல்ல நின்னு அழுதாங்க."

"அப்புறம் ஏன்?"

ஆகிஸ் தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மூணாவது தடவை கேட்டா நீங்க வாங்கிடுவீங்க. வாங்கிட்டா புத்தகம் தப்பு. புத்தகம் தப்புன்னா நான் யாரு?"

ப்ளோரியோஸுக்கு இருமல் வந்தது. அது முடிய நேரமானது, எல்லோரும் காத்திருந்தார்கள். இருபத்து மூன்று வருஷம். அதில் பத்து வருஷம், ஒவ்வொரு நாளும், இறங்க வேண்டியதில்லாத படிகளில் அவன் இறங்கியிருக்கிறான். தன் சந்தேகம் சரிதான் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். கால் மட்டும்தான் வலித்தது.

"சரி. கேளுங்க" என்றான்.

ஆகிஸ் பணத்தை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கங்கண்ணே."

ப்ளோரியோஸ் வாங்கினான். வாங்கியவன் அந்த ஊர் வழக்கத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். எண்ணினான். நூற்று எண்பத்தாறு இருந்தது.

"அம்பது லெப்தா கொறையுது."

"லெப்தாக் காசே இப்ப இல்லண்ணே. எங்க தேடியும் கிடைக்கல. இருநூறா வெச்சுக்கங்க."

"எனக்கு நூத்தி எம்பத்தாறரைதான் வரணும். நீங்க கூடக் குடுத்தா அதையும் எழுதி வெச்சுப் புத்தகம் போடுவீங்க."

வெளியே யாரோ சிரித்தார்கள். மருசோ உள்ளே போனாள். பொத்தான் டப்பாவைக் கொட்டித் தேடும் சத்தம் கேட்டது. பொத்தானாகத் தைக்க நடுவில் ஓட்டை போட்ட ஐம்பது லெப்தா ஒன்றைக் கொண்டுவந்து ஆகிஸ் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க, இதைக் குடுத்து முடிங்க. ராத்திரிக்குள்ள முடியட்டும்." அவர் அதை ப்ளோரியோஸிடம் கொடுத்தார். ப்ளோரியோஸ் அதையும் சேர்த்து எண்ணிப் பையில் போட்டுக்கொண்டான். முப்பத்தெட்டு வருஷமாகப் பாதி தூக்கியே இருந்ததுபோல் வலித்துக்கொண்டிருந்த வலது தோள் இறங்கிற்று.

மருசோ சுவருக்கு வெளியே பார்த்து, "ஸகாரியாஸு, உள்ள வந்து நெத்திலி என்ன வெலன்னு சொல்லு" என்றாள். கிழவனாகிவிட்ட மீன்காரன் தயங்கித் தயங்கி வாசலைத் தாண்டி வந்து வாயைத் திறந்தான். "ஆயிரத்தி இருநூறு" என்று வந்தது. அவனே பயந்துபோனான். மருசோ கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் தபாலில் வந்த உத்தரவில், அதே விலாசத்துக்குக் கீழே, நானூற்று முப்பத்தொன்பது யூரோ என்று இருந்தது. ப்ளோரியோஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான், சிதெரிஸைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான், தபால்காரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். அதன்பிறகு அவன் சுரங்கத்தில் இறங்கவில்லை.

ஆகிஸ் அன்று மாலை பஸ்ஸுக்கே கிளம்பினார். வாசலில் திரும்பி நின்று, "உங்க அம்பது லெப்தாவை நான் திருப்பித் தரணுமேம்மா" என்றார். மருசோ கையை வீசி, "அட விடுங்க, அதெல்லாம் எதுக்கு" என்றாள். அவர் தலையைக் குனிந்து நன்றி சொன்னார், தடியை ஊன்றி இறங்கிப் போனார். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றேதானா என்று காப்பிக்கடையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர் அடுத்த வருஷமே செத்துப்போனார், மருசோ அன்றே அந்தக் காசை விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டாள். ஆனாலும் அறுபத்து நான்கில் ஐம்பது லெப்தாவுக்கு விற்றது தீப்பெட்டி ஒன்றுதான். அந்த முற்றத்தில் நின்று தீப்பெட்டி என்ன விலை என்று கேட்டால் யாராக இருந்தாலும் இன்றைக்கும் ஐம்பது லெப்தா என்றுதான் சொல்வார்கள். அந்தக் காசு எங்கும் இல்லை. அதனால் ப்ளோரியோஸ் வீட்டுக்கு மட்டும் சிதெரிஸ் தீப்பெட்டியை விலை சொல்லாமல், காசு வாங்காமல் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறான்.